தட்டில் பரப்பிய சீட்டுகள்

ஆன்சி சீட்டுகளை எவர்சில்வர் தட்டில் கவிழ்த்துப் பரப்பிவிட்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள்.

வருங்காலம் சொல்லும் டாரட் சீட்டு எடுப்பதற்கு முன் ஜெபிக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. வீடியோவில் வரும் பெண் கறுப்புத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, என்னென்னவோ செய்கிறாள். ஆன்சிக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த வசனச் சீட்டுகள் தட்டில் வரும். ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த சீட்டு வருஷம் முழுக்கப் பைபிளுக்குள் இருக்கும். பிறந்தது முதல் வந்த பழக்கத்தை லேசில் விட முடியுமா?

இதெல்லாம் சாத்தானின் வேலை என்று பசுமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் வேதபாடம் எடுக்கிற ஆன்சி டீச்சருக்குத் தெரியாமலா?

ஆனால் சாயங்காலம் வந்து ஹால் டிவியில் யூடியூப்பைத் திறந்தால், தேடாமலே டாரட் வீடியோக்கள் வரிசையில் நின்றன. 'போனவர் திரும்பி வருவாரா?' என்றே ஒன்று வந்தது. பகலெல்லாம் அத்தை பிரசங்கம் கேட்கிற டிவி அது. அதிலேயே இது வருகிறதென்றால் தனக்காகத்தான் வருகிறது என்று ஆன்சி நம்பிவிட்டாள். மனசு அடித்துக்கொள்கிறபோது எதைத்தான் நம்பாது?

புருஷன் ஸ்டீபன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு சண்டையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன். மாதங்கள் கழித்து வந்த அறுப்பின் பண்டிகைக்கும் வரவில்லை. போன் அணைந்தே கிடக்கிறது. அன்றைக்கு 'போறதுன்னா போங்க' என்று சொன்னவள் ஆன்சிதான். அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்குப் பிறகு மாமியாரும் மருமகளும் குழம்புக்கு உப்பு, கரண்ட் பில் என்று எல்லாம் பேசினார்கள். அவன் பெயரை மட்டும் எடுக்கவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், எதிரே அத்தை நிற்கிறார்.

போதகரம்மாவுக்குக் காய்ச்சல் என்று, அத்தை போயிருந்த சர்ச் பெண்கள் கூட்டம் பாதியிலேயே கலைந்திருந்தது. ஆன்சி அவசரமாக முந்தானையை இழுத்தாள். தட்டை மூட அது போதவில்லை.

அத்தை கோபப்படவில்லை. பைபிள் பையைத் தோளில் மாட்டியபடியே ஆன்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வசனச் சீட்டாம்மா? கண்ணாடிய சர்ச்சுலயே வச்சிட்டு வந்துட்டேன். நானும் ஒன்னு எடுக்குறேன், வாசிச்சுச் சொல்லு."

ஆன்சிக்குப் போன உயிர் திரும்பியது. அத்தையும் கண்ணை மூடினார். ஜெபம் நீண்டது, உதடு மட்டும் அசைந்தது. பிறகு தட்டின் ஓரத்திலிருந்து ஒரு சீட்டை உருவி, எடுத்த வாக்கிலேயே நீட்டினார்.

சீட்டுப் படத்தில் குதிரையில் ஒருவன் கோப்பையை ஏந்தி வருகிறான். யாரோ வீடு தேடி வருவதைச் சொல்லும் சீட்டு. ஆனால் தலைகீழாக இருந்தது; அப்படி வந்தால் பலன் மாறிவிடும்.

ஆன்சி அதைப் பார்த்துக்கொண்டே, வெளியே போனவர்களைக் கடவுள் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவார் என்று வசனம் போல ஒன்றைச் சொன்னாள். அது எந்த அதிகாரம் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பாள். பொய் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அத்தை ஆமென் சொல்லிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதை வைப்பதற்காகப் பைபிளை வெளியே எடுத்தார். கூடவே பைக்குள்ளிருந்து கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டார். சீட்டை நிமிர்த்தாமல் அப்படியே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"தலைகீழா வந்தா, வரத்தான் செய்வான், கொஞ்சம் சுணங்கும்னுதான ஆன்சி பகல்ல டிவில வர்ற அந்தப் பிள்ள சொல்லுது?"

ஆன்சி தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.