குழாய் சுற்றும் வீடு

"பூமியைத் துளைப்பது மனித குலத்தின் மகத்தான காரியம், அதில் பாசத்துக்கு இம்மியும் இடமில்லை" என்று ஜெபஸ்டின் அடித்துச் சொன்னான். சொன்ன இடம், நாகப்பட்டினத்தில் அவன் வீட்டுச் சமையலறை.

நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றுக்குள் சுழன்று துளைக்கும் குழாயை, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கம்பெனி போட்டுக்கொடுத்த இயக்க நாற்காலியிலிருந்தே அவனும் மனைவி ரீத்தாவும் முறைபோட்டு ஓட்டினார்கள். அங்கே குழாய் சுற்றும் அதிர்வு இங்கே நாற்காலியில் தெரியும். ரீத்தா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாள். அதுவும் அந்த அதிர்வில் அசந்து தூங்கிவிடும்.

"இம்மாம்பெரிய மிஷின உனக்குத் தூளி ஆட்டவா குடுத்திருக்காங்க?" என்று அன்றும் சீண்டினான்.

மத்தியானம் எண்ணெய் தட்டுப்பட்டது. ரீத்தா குழாயை நிறுத்தினாள். காய்ச்சலில் துவண்டு கிடந்த குழந்தை உடனே விழித்து வீறிட்டது. பல நாளாகக் கண்மூடாத ரீத்தா அதை அவன் கையில் திணித்தாள்.

"உங்க முறைங்க. தூங்க வையுங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அவன் தோளில் போட்டுத் தட்டினான், பாடினான், குரங்குபோல் மூஞ்சியைக் கோணிக் காட்டினான். அழுகைதான் கூடியது.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் மேலதிகாரி அதட்டினார்: "என்னப்பா, வேலைதான் முடிஞ்சிருச்சே. குழாய் ஏன் இன்னும் சுத்துது?"

"சும்மா விட்டா சேத்துல இறுகிடும் சார்" என்றான் ஜெபஸ்டின், மடியில் கிடந்த குழந்தையின் காதைப் பொத்தியபடி. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."