நாவா, நாயா?

"யோவ் பச்சையப்பா, இன்னாயா சொன்ன? திரும்பச் சொல்லு!"

திருவள்ளூரிலிருந்து ரயில் கிளம்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ராஜவேலுவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

பச்சையப்பன் கூச்சமே இல்லாமல் திரும்பச் சொன்னான். "'என் பெயரைக் கேட்க உனக்கு ஒரு நாவு போதும், மன்னா! அதைச் சொல்ல இந்த மண்ணில் ஆயிரம் நாய்கள் இருக்கின்றன!'"

பெட்டியே கொல்லென்று சிரித்தது.

ராஜவேலு சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்? திருவள்ளூர் ரசிகர் மன்றச் செயலாளர் அல்லவா! அந்த ராஜா ராணிப் படத்தைப் பதினேழு தடவை பார்த்தவர். தலைவர் கையில் சங்கிலியோடு தர்பாரில் நின்று பேசுகிற வசனம் அது. படம் வந்த நாளிலிருந்து, இந்த எழுபத்திரண்டாம் வருஷம் வரை, ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி வருகிறார். கோயிலில்கூட அவரிடம் அத்தனை பக்தியைப் பார்க்க முடியாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற கூட்டம் அது. குழம்பில் உப்பு குறைந்தாலும் ஒரு வசனம், போர்மேன் திட்டினாலும் ஒரு வசனம். தினமும் இதே பெட்டி, இதே பேச்சு.

ஓரத்து ஜன்னலிலிருந்து கலியன் எழுந்தான். திருவாலங்காட்டில் ஏறுகிறவன். கம்பெனியில் மூன்று வருஷமாக டெம்பரரி. சாதாரணமாகப் பேசினால் வாய் திக்கும்.

"அ... அ... அண்ணே, த... தப்பு!" என்றவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"'யாரென்றா கேட்கிறாய்? என் பெயரைக் கேட்க உனக்கு ஒரு நாவு போதும், மன்னா! அதைச் சொல்ல இந்த மண்ணில் ஆயிரம் நாவுகள் இருக்கின்றன!'"

ஓரிடத்தில்கூடத் தடங்கல் இல்லை. பெட்டி முழுக்கக் கைதட்டல். கலியன் வெட்கத்தோடு உட்கார்ந்துகொண்டான்.

"பாத்தியா? அவன் எப்டி சொல்றான் பாரு!" ராஜவேலு பச்சையப்பன் மேல் பாய்ந்தார். "ஒனக்கு இன்னாயா கேடு? நேத்து அரியணைய அரிவாமணைன்ன. முந்தாநேத்து வாளை எடுன்றதுக்கு வாழைய எடுன்ன. தலைவர் வசனத்தை நாஸ்தி பண்றதுக்குன்னே வண்டி ஏறி வர்றியா?"

"மறந்து பூடுதுண்ணே" என்று பச்சையப்பன் பல்லைக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்தில் முடிவாகிவிட்டது. இனிமேல் பச்சையப்பனுக்கு அந்தப் பெட்டியில் இடம் கிடையாது. அதைச் சொல்ல ராஜவேலுவே அவன் வீட்டுக்குக் கிளம்பினார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குரல் கேட்டது. அதே தர்பார் வசனம். ஆயிரம் நாவுகள், அரியணை, வாள், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நடுவில் தலைவர் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கியது. அடடா என்று ராஜவேலுவே ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து எட்டிப் பார்த்தால், சொல்லிக்கொண்டிருந்தது பச்சையப்பன்!

எதிரில் வசனப் புத்தகத்தோடு அவன் மனைவி அஞ்சம்மாள்.

"புக்குல போட்டுக்கீறாப்பலயே சொல்லிட்ட. அது கெடக்கட்டும், நான் சொல்லிக்குடுத்த நாய் எப்டி?"

"பெட்டியே சிரிச்சிச்சு. கலியன் எழுந்தே நின்னுட்டான்!"

ராஜவேலு உள்ளே வந்தார். "அப்ப, தெரிஞ்சேதான் தப்பு விடறியா?"

பச்சையப்பன் துள்ளி எழுந்தான்.

"கோச்சுக்காதண்ணே. போன வருஷம் கலியனைப் பர்மனென்ட் பண்றதுக்கு இன்டர்வியூ கூப்ட்டாங்க. ஒன் பேரு இன்னான்னு கேட்டாங்களாம். க... க...ன்னு இவன் இழுக்கசொல்ல, நீ போப்பான்னு அடுத்த ஆளைக் கூப்ட்டாங்களாம். அத்தோட வாயையே தொறக்கறது இல்ல. ஆனா வசனத்துல தப்பு விட்டா மட்டும் அவனால தாங்க முடியாது. எழுந்து சொல்லிடுவான். சொல்லசொல்ல திக்கறதும் இல்ல."

"அதுக்கு நீ தெனம் எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்குவியா?"

"நான் கரெக்டா சொன்னா, அவன் எப்பண்ணே பேசறது?"

ராஜவேலு அஞ்சம்மாள் கையிலிருந்த வசனப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஆயிரம் வசனம் தெரிந்த மனுஷர்!

"நாளைக்கு மறுபடியும் இன்டர்வியூண்ணே" என்றான் பச்சையப்பன். "காலைல வண்டில நாலு வார்த்தை பேசிட்டுப் போனான்னா கொஞ்சம் தைரியமா இருப்பான். எனக்குப் பாரு, இன்னிலருந்து நைட் ஷிப்ட்டு போட்டுட்டாங்க. காலைல வண்டில நான் இருக்கமாட்டேன். ஒரே பேஜாரா கீது."

அஞ்சம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். "இன்னாண்ணே, ஊடு தேடி வந்துக்கீறீங்க. எதுனா விசயமா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் ராஜவேலு. "சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்."

திங்கட்கிழமை காலை, அதே பெட்டி. கலியன் சலவைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தான். பேச்சே இல்லை. உதட்டை மட்டும் ஓயாமல் ஈரப்படுத்திக்கொண்டான்.

ராஜவேலு தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். செயலாளரே வசனம் சொல்லப்போகிறார் என்றதும் சீட்டுக் கச்சேரிகூட நின்றது.

"'யாரென்றா கேட்கிறாய்? என் பெயரைக் கேட்க உனக்கு ஒரு நாவு போதும், மன்னா!'"

கொஞ்சம் நிறுத்தி, ஓரக்கண்ணால் கலியனைப் பார்த்தார். பிறகு தலைவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு முழங்கினார்.

"'அதைச் சொல்ல இந்த மண்ணில் ஆயிரம் நாய்கள் இருக்கின்றன!'"