ஒரு பக்கத்துப் பச்சை

ஒரு வைரஸ் புரதத்தில் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்திருந்தாள் ஆய்வு மாணவி. புரதம் செல்லின் மேல் போய் ஒட்டிக்கொண்டால், செல்லைச் சுற்றிலும் மோதிரம் போலப் பச்சை தெரிய வேண்டும். நுண்ணோக்கிக்கு அடியில் அவள் வைத்த செல் தட்டில் மட்டும் ஒவ்வொரு செல்லிலும் ஒரே பக்கம்தான் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்த முக்காலியின் பக்கம்.

"தட்டைச் சாய்ச்சு வச்சிருப்ப. உனக்குக் கைப்பக்குவம் பத்தலம்மா," என்றார் வழிகாட்டி. "சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கான படம் வரலேன்னா வேலையை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

மூன்று வருட உழைப்பு. அழுகையைவிட எரிச்சல்தான் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. செல்லை மாற்றினாள், தட்டை மாற்றினாள். கடைசியில் ஃபார்மலின் ஊற்றிச் செல்களைக் கொன்றே விட்டாள். செத்த செல்லில் எதுவும் நகராது. தட்டை அரைவட்டம் திருப்பி வைத்துவிட்டுப் போய்த் தேநீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தால், பச்சை மறுபடியும் அவள் பக்கம்.

"நீங்களே பாருங்க சார்," என்று எழுந்து இடம் விட்டாள். அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். திட்டு வாங்கும் தெம்பில்லாமல் அவள் கதவுவரை போய்விட்டாள்.

"ஏம்மா, நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போது தட்டைத் திருப்பாதே."

அவள் கதவருகிலிருந்து மெதுவாகச் சன்னல் பக்கம் நடந்தாள்.

"சொல்றேன்ல, கையை எடு," என்றார் அவர், கண்ணை எடுக்காமலேயே.