எதிர்வீட்டுக் கேன்

"இன்னைக்கும் ரெண்டு கேன் எறக்குறான் பாரு. அவ மட்டும் என்னா ஒசத்தி?"

கலைவாணி வாசலில் நின்றபடி சொன்னாள். உள்ளே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முத்துவேலுக்கு, கேள்வி தனக்குத்தான் என்று தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டே இருந்தான்.

முதலியார்பேட்டையில் வாய்க்காலை ஒட்டிய சந்து அது. சந்தின் முனையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் பட்டறை. முத்துவேல் உட்பட, சந்து ஆண்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. அடிபம்புத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். குடத்தில் ஒரு ராத்திரி கிடந்தால் அடியில் வண்டல் தங்கும். எல்லாரும் அதைத்தான் குடித்தார்கள். எதிர்வீட்டு வரலட்சுமிக்கு மட்டும் சுகாதார நிலையத்து வண்டி வந்து நல்ல தண்ணீர் கேன் போட்டுவிட்டுப் போனது.

கலைவாணி கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுப் பெயர் வைத்த ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். அங்கே தங்க வருகிறவர்கள் பாட்டில் தண்ணீரில் பல் விளக்குவதைத் தினமும் பார்க்கிறாள். ஒருநாளும் அவளுக்கு வயிறு எரிந்ததில்லை. தன்னைப் போலவே தகரக் கூரைக்கடியில் வேகிற வரலட்சுமி ஒரு தம்ளர் நல்ல தண்ணீர் குடிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தண்ணீர் மட்டுமா? நர்சம்மா வேறு வீடு தேடி வந்துவிட்டுப் போகிறார். மகள் அபிக்குப் பால், முட்டை, கீரை என்று தடபுடலான சாப்பாடு. வரலட்சுமி இப்போதெல்லாம் வீட்டைப் பெருக்குவதில்லை, ஈரத்துணி போட்டுத்தான் துடைக்கிறாள். மண்ணில் விளையாடக் கூடாதென்று அபியை வாசலுக்கே விடுவதில்லை. தப்பித்தவறி இறங்கிவிட்டால், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உள்ளே சேர்ப்பதில்லை.

"நம்ம கவிநிலாகூட வெளையாடுனா அவ பொண்ணு கை அழுக்காயிடுதாம். புதுப் பணக்காரி."

"வுடு கலை. அவங்க ஆஸ்பத்திரி கேம்புக்குப் போனாங்க, கெடச்சிது. நம்மளத்தான் அந்தப் பக்கம் தலகாட்டக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரே."

"நீ ஒங்க மொதலாளியையே கட்டிக்கிட்டு அழு."

அன்று சாயங்காலம் அடிபம்பில் வரலட்சுமி துணி துவைக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கலைவாணி குடத்தை இடித்துக்கொண்டு போய் நின்றாள்.

"யாரப் புடிச்சி வாங்குனக்கா? எங்களுக்கும் சொன்னா என்னா கொறஞ்சா போயிடுவ?"

வரலட்சுமி தலை நிமிரவில்லை. "ஒனக்கு அது வேணாம் கலை. ஒனக்கு வரக் கூடாதுன்னுதான் தெனம் சாமி கும்புடுறேன்."

கலைவாணிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துக் கையை விரித்தாள். "கேட்டுக்குங்க. அடுத்தவளுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு சாமிகிட்டயே மனு போடுறா. என்னா மனசு பாருங்க."

வரலட்சுமி பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அது கலைவாணியை இன்னும் கிளறிவிட்டது. மறுநாள் விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு, கவிநிலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

"எதிர்வூட்டுக்குக் கேன் போடுறீங்க. எங்களுக்கு ஏன் இல்ல? நாங்க மனுசங்க இல்லயா?"

நர்சம்மா கோபப்படவில்லை. "அவங்க வீட்டு விஷயத்த ஒங்ககிட்ட சொல்லக் கூடாதும்மா. தெருவுக்கே போடணும்னுதான் நாங்களும் எழுதிக் கேட்டோம். மேல ஒத்துக்கல. ஆனா நீங்க பாப்பாவ கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அது ரொம்ப நல்லது. ஒங்க தெருவுலேருந்து யாரும் வரவே மாட்டேங்குறாங்க."

கவிநிலாவின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். குழந்தை வீறிட்டது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மாதிரி, கேன் வாங்க இது ஒரு சம்பிரதாயம் போல என்று கலைவாணி நினைத்துக்கொண்டாள்.

"அப்ப எங்களுக்கும் கேன் வருங்களா?"

"பாக்கலாம்மா" என்றார் நர்சம்மா. குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வண்டி கலைவாணியின் வாசலில் நின்றது. டிரைவர் இரண்டு கேன்களை இறக்கினான்.

"பத்து மணிக்கு நர்சம்மா வராங்கக்கா. ஒங்கள வூட்டுலயே இருக்கச் சொன்னாங்க."

நர்சம்மாவே வீடு தேடி வருகிறார். கலைவாணிக்குத் தலைகால் புரியவில்லை. கேன்களை உள்ளே கொண்டுபோக விடாமல், சந்து முழுக்கப் பார்க்கட்டும் என்று வாசற்படியிலேயே வைக்கச் சொன்னாள். ஒரு தம்ளர் பிடித்துக் கவிநிலாவுக்குக் கொடுத்தாள். பிறகு நிலைப்படியில் சாய்ந்துகொண்டு எதிர்வீட்டையே பார்த்தாள். வரலட்சுமியின் முகம் செத்துப்போவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கதவு திறந்தது. வரலட்சுமி கேன்களைப் பார்த்தாள். நினைத்தபடியே அவள் முகம் செத்துப்போனது. ஆனால் உள்ளே திரும்பாமல், செருப்புக்கூடப் போடாமல் சந்தைத் தாண்டி ஓடிவந்து, கவிநிலாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எவ்ளோ இருக்குன்னு சொன்னாங்க கலை?"

"என்னாக்கா எவ்ளோ?"

"கொழந்த ரத்தத்துல ஈயம். அபிக்கு ஏறிப்போச்சுன்னுதான் எனக்குக் கேனே போட ஆரம்பிச்சாங்க."