உடனிருந்தவர்

தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு 'ஓடிப்போனவர் வீடு' என்றே பெயர். கொள்ளுத்தாத்தா முப்பத்தோரு வயதில் மனைவியை விட்டு ஓடிவிட்டாராம். அது பொய் என்று அப்பாவுக்குக் காட்டிவிட வேண்டுமென்று, அவள் பழைய மருத்துவமனையின் பதிவறைக்கு வந்திருந்தாள்.

பதிவேட்டில் அவர் இருந்தார். வெளியூர் வேலைக்குக் கிளம்பிய மூன்றாம் நாளே காய்ச்சலில் இறந்திருந்தார்.

பதிவறைக்காரர் சிரித்தார். "உடனிருந்தவர், கொள்ளுப்பேத்தின்னு போட்டிருக்கும்மா! முப்பத்தோரு வயசுக்காரருக்கு! எழுதினவரு தூங்கி வழிஞ்சிருக்காரு."

அருகே மங்கிய மையில் ஒரு கையெழுத்து. அது அவளுடையது.

அப்பாவுக்குப் போன் செய்தாள். "அவர் ஓடிப்போகலப்பா. காய்ச்சல்ல போயிட்டார்."

அப்பா மூக்கை உறிஞ்சினார். "பாவம், தனியாவா கிடந்தார்?"

"இல்லப்பா. நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் கடைசிவரைக்கும் கூடவே இருந்திருக்காங்க."