இருநூறு மீட்டர் பட்டாம்பூச்சி

"என் பொண்ணு தலை துவட்டி, டிரெஸ் மாத்தி, டிபனே சாப்பிட்டு வந்துடுவா. இந்தம்மா இன்னும் கரை சேர மாட்டாங்க!"

பின்வரிசையில் ஒருவர் சொன்னார். ஜெயித்த பெண்ணின் அப்பா. சுற்றி இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தங்கைக்குக் காது சுட்டது. குளத்தில் தனியாளாகத் தண்ணீரை அடித்துக்கொண்டு வந்தது அவளுடைய அக்கா.

இருநூறு மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சல். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலே வீசி, உடம்பை வில்லாக வளைத்து நீந்த வேண்டும். இடுப்பை ஒடிக்கிற போட்டி. மற்ற மூன்று பெண்களும் முடித்துவிட்டார்கள். அக்காவுக்கு இன்னும் முக்கால் குளம் பாக்கி.

ஒரு காலத்தில் இதே குளத்தில் தொடர்ந்து ஒன்பது வருஷம் தங்கம் வாங்கியவள். தோளில் ஆபரேஷன் ஆனதும் விலகிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, புருஷன், இரண்டு பிள்ளைகள் என்று நிம்மதியாகத்தான் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், முப்பத்தொன்பது வயசில், என்ன தோன்றியதோ, மறுபடியும் குதித்துவிட்டாள்.

மூன்று வருஷமும் கடைசி.

"பேர் இருக்கும்போதே ஒதுங்கிடணும்," என்றார் பின்வரிசைக்காரர். "சில பேருக்கு நாற்காலியை விட மனசு வராது. இவங்களுக்குத் தண்ணி போலிருக்கு."

அக்கா ஒருவழியாகச் சுவரைத் தொட்டாள். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள்.

உடை மாற்றும் அறையில் தங்கை துண்டை நீட்டினாள்.

"ஏன்க்கா இப்படி மானத்தை வாங்கறே?"

அக்காவுக்கு மூச்சு இரைத்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"யார் மானத்தை? என்னுதா, உன்னுதா?"

"விளையாடாதே. அவ்வளவு ஆசையா இருந்தா ஐம்பது மீட்டர்ல இறங்கேன். அதுல இப்பவும் மெடல் வாங்குவே."

"அங்கே ஏகப்பட்ட கூட்டம்டி."

"சரி, முடியலேன்னா நடுவுலயாவது ஏறிடக் கூடாதா? பார்க்கிற எனக்கே தோள் வலிக்குது."

"முடிக்காம ஏறினா எப்படி?" அக்கா தோளைத் தேய்த்துக்கொண்டே குளியலறைப் பக்கம் நடந்தாள். "கொலைப் பசி. ஏதாவது வாங்கி வை, வந்துடறேன்."

இவளிடம் பேசுவதும் ஒன்று, சுவரிடம் பேசுவதும் ஒன்று. தங்கை நேராகப் போட்டிச் செயலாளரின் அறைக்குப் போனாள்.

அங்கே அந்தப் பின்வரிசைக்காரரே உட்கார்ந்திருந்தார். அவருடைய பெண் தேசியப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். சான்றிதழ் வாங்க வந்திருக்கிறார். தங்கை அவரைப் பார்க்காத மாதிரி நின்றாள்.

"சார், அடுத்த வருஷம் எங்க அக்கா வந்தா பேரை எழுதிக்காதீங்க. வயசாயிடுச்சு, அது இதுன்னு ஏதாவது சொல்லித் தட்டிக் கழிச்சிடுங்க."

"நல்லாச் சொன்னீங்கம்மா!" பின்வரிசைக்காரர் திரும்பினார். "கூடப்பிறந்தவங்களுக்கே புரியுது. வளர்ற பிள்ளைங்களுக்கு இடம் விட வேணாமா?"

முத்திரையை ஓங்கிய செயலாளரின் கை அப்படியே நின்றது.

"இடமா? ஆள் இல்லாம நாங்க தவிச்சுக்கிட்டு இருக்கோம் சார்!"

இருவரும் விழித்தார்கள்.

"நாலு பேராவது இறங்கணும், நாலு பேரும் முடிக்கணும். இல்லேன்னா அந்தப் போட்டி செல்லாது. இந்த இருநூறு மீட்டருக்கு மூணு வருஷமா பேர் கொடுக்கறது உங்க பொண்ணையும் சேர்த்து மூணே பேர். முதல் வருஷமே போட்டியை எடுத்துடலாம்னு நோட்டீஸ் அடிச்சு வெச்சிருந்தோம்."

செயலாளர் முத்திரையைக் குத்தி, சான்றிதழை அவர் கையில் கொடுத்தார்.

"அது எப்படியோ இவங்க அக்கா காதுக்குப் போயிடுச்சு. அன்னிக்கே வந்து நின்னாங்க. 'பொண்ணுங்களுக்குத் தெரிய வேணாம் சார், நாலாவதா என் பேரை எழுதிக்குங்க'ன்னாங்க."