காயாத மை

என் மனைவி முருகலட்சுமி பழைய துப்பறியும் நாவல்களின் மறுபதிப்புக்குப் பேனாவும் மையும் கொண்டு படம் வரைகிறாள். கொலைகாரனை முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று, கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலேயே வரைவாள். வெறும் குறுக்குக் கோடுகளால் அவள் இருட்டை உண்டாக்குவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. படங்களை அருப்புக்கோட்டையில் ஸ்கேன் செய்து அனுப்புவது என் வேலை.

எங்கள் ஊர் பாலவனத்தத்து வெயிலுக்கு மை ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆனால் ஒவ்வொரு நாவலிலும் ஒரே ஒரு ஆளின் முகம் மட்டும் மூன்று நாள் ஈரமாகவே இருக்கும். கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்ப்பேன். அந்த ஆள்தான் கொலைகாரன். பதினோரு நாவல்களில் ஒன்றுகூடத் தப்பியதில்லை.

"உனக்கு எப்பிடித் தெரியுது?" என்று வியப்பேன்.

"எனக்கென்ன தெரியும், மைக்குத்தான் தெரியுது" என்பாள்.

போன வருடம் என் அண்ணன் ஆண்டிச்சாமி தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து இறந்தார். முதல் வருஷ நினைவு நாளுக்காக, பழைய போட்டோவைப் பார்த்துக் குடும்பம் முழுவதையும் வரைந்தாள். அண்ணன் உயிரோடு இருப்பதுபோலவே சிரித்தார். நான்காம் நாள், சட்டம் போடுவதற்காகப் படத்தைக் கையில் எடுத்தேன்.

"கீழ வைங்க" என்றாள், என்னைப் பார்க்காமல் பேனா முள்ளைத் துடைத்தபடி. "உங்க மூஞ்சி இன்னும் காயலை."